வீட்டுத் தீர்வை இரட்டிப்பு, ஆனால் பணம் போனது வேறு வழியில்

கேள்வி: தம்பி, எனக்கு வயது 67. காரைக்குடியில் மாமனார் வழிப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேன். எங்கள் செட்டியார் போய் ஆறு வருஷம் ஆகிறது. நாலு பங்கு வீடு. கொழுந்தனார் மூவரும் சென்னை, கோவை, பினாங்கு என்று இருக்கிறார்கள். வங்கியில் 28 லட்சம் டெபாசிட், வட்டி ஆண்டுக்கு 1,96,000. இரண்டு கடை வாடகை 1,08,000. செலவு: வீட்டுக்கு மாதம் 18,000, மராமத்து 55,000, விசேஷங்களுக்கு 70,000. வீட்டுத் தீர்வை, அதாவது சொத்து வரி, அரையாண்டுக்கு 2,300 கட்டியது 2022-இல் 4,600 ஆனது. வட்டியிலும் 19,600 பிடித்துவிட்டார்கள். இந்த வருஷம் அசலில் கை வைத்துவிட்டேன். குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் அரசுக் கடன் என்கிறார்களே, அதையும் எங்களிடம்தான் வாங்குவார்களா? பங்கை விற்றுவிட்டுச் சென்னைக்கு வா என்கிறான் மகன்.

பதில்: ஆச்சி, இவ்வளவு துல்லியமாகக் கணக்கு எழுதி அனுப்பியதற்கே முதலில் ஒரு கும்பிடு. லட்சத்தில் சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் என்னிடம் வந்து "சுமாரா இருக்கும் சார்" என்பார்கள்.

உங்கள் கணக்கை அப்படியே ஐந்தொகை எடுத்துப் பார்த்தேன். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 2,84,400. தீர்வையும் சேர்த்துச் செலவு 3,50,200. துண்டு விழுந்தது 65,800. இதில் 2022 உயர்வின் பங்கு 4,600தான். கோபம் முழுவதையும் அந்த ரசீதின் மேல் காட்டுகிறீர்கள். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் அந்த 19,600. அது வரியே இல்லை. மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் பத்து சதவீதம் பிடித்து வைப்பார்கள், அவ்வளவுதான். வாடகையில் 30 சதவீதம் கழிவு போக 75,600. வட்டியோடு சேர்த்தால் 2,71,600. கடைகளுக்குக் கட்டிய தீர்வையைக் கழித்தால் இன்னும் குறையும். இந்த வருமானத்துக்குப் பழைய முறையிலும் வரி கிடையாது, புதிய முறையிலும் கிடையாது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் முழுப் பணமும் திரும்பி வரும். வழக்கமான கெடு ஜூலை 31. தவறினாலும் டிசம்பர் 31 வரை வழியுண்டு. அதன் பிறகு அலைச்சல். அடுத்த ஏப்ரல் பிறந்ததும் வரி பிடிக்க வேண்டாம் என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிடுங்கள். இதுவரை 15எச் என்று கேட்டு வாங்கியது அதுதான்.

ஆக, உண்மையான துண்டு 46,200.

அரசுக் கடனைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த 2,63,976 என்பது 2021 ஆகஸ்டில் அன்றைய தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கைக் கணக்கு. மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்த ஈவு. உங்கள் பெயரில் எழுதிய புரோநோட்டு அல்ல. அதற்காகப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் தமிழகத்தின் கடன் 9.29 லட்சம் கோடிக்கு மேல். வட்டி கட்டியாக வேண்டும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலம் தானாக ஏற்றக்கூடிய வரிகள் கொஞ்சம்தான்: பெட்ரோல், மது, பத்திரப் பதிவு, வாகனம். அதனால் சுமை இந்த வாசல்கள் வழியாகத்தான் வரும், மின் கட்டணம் வழியாகவும் வரும். வருமான வரிக்காரன் உங்கள் வீட்டு முகப்பில் வந்து நிற்கப்போவதில்லை.

வீட்டுத் தீர்வை கதை வேறு. சென்னைக்கு வெளியே நகரங்களில் 2008-க்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்பச் சொத்து வரியை உயர்த்தினால்தான் உள்ளாட்சிக்கு மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. பதினாலு வருஷம் ஏற்றாததை ஒரே நாளில் ஏற்றினார்கள்: 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம். நம் ஊர் வீடுகள் எல்லாம் கடைசிப் படியில்தானே வரும்! காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனதற்கும் இந்த உயர்வுக்கும் சம்பந்தம் இல்லை. சென்னையில் 2024 அக்டோபரில் இன்னொரு 6 சதவீதம் ஏற்றினார்கள். நீங்களும் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்தே திட்டமிடுங்கள். 12 வருஷத்தில் இரட்டிப்பாகும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் மாதமே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் 230 ரூபாய். மூன்றாம் கட்டு இடிந்து கிடந்தால், பதிவேட்டில் பழைய அளவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கட்டடத்துக்குக் கட்ட வேண்டாம், மனுக் கொடுக்கலாம்.

சரி, இனிமேல்தான் விஷயம். நாலு பங்கு வீட்டுக்கு மராமத்தும் தீர்வையும் சேர்த்து 64,200 ரூபாயை ஒரே ஆள் ஏன் கட்டுகிறீர்கள்?

கோயிலில் புள்ளி வரி (மணமான தம்பதிக்கு இவ்வளவு என்று நம் நகரத்தார் கோயிலில் போடும் வரி) என்று சீட்டு வந்தால் பினாங்கிலிருந்து மறுநாளே பணம் வந்துவிடும். அதே ஆள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நடந்து, "அண்ணி வீட்டை எப்படி வச்சிருக்காக" என்று சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்கவில்லை, அவருக்குத் தோன்றவில்லை. குடியிருப்பவர் நீங்கள் என்பதால் சரிபாதி உங்களுடையது என்றே வையுங்கள். மற்றப் பாதியை மூவரும் பிரித்தால் ஆளுக்கு 10,700. உங்களுக்கு மிச்சம் 32,100. துண்டு 14,100-க்கு இறங்கிவிடும்.

மிச்சத்தை வட்டியிலேயே அடைக்கலாம். 28 லட்சத்தையும் ஒரே வங்கியில் வைத்திருக்கிறீர்கள். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான். முதிர்கிறபோது 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இப்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி. உங்கள் 7 சதவீதத்தைவிட ஆண்டுக்கு 18,000 கூட. இதற்கும் அதே உறுதிமொழிப் படிவம் உண்டு. அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கிவிட்டது. வரி குறைந்ததை யாரும் எனக்குக் கடிதம் எழுதிச் சொல்வதில்லை. உங்கள் செலவில் காப்பீடே காணோம்; அந்த வயதுக்கு அதுதான் எனக்குப் பெரிய கவலை.

விசேஷச் செலவு 70,000-ஐத் தொட எனக்குத் தயக்கம்தான். மூத்த அண்ணி என்ற முறை இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். 1963-இல் அங்கே வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். எங்கள் ஐயா அதன் பிறகும் ரங்கூன் பணம் வரும் என்ற நம்பிக்கையில் அதே தோரணையில் முறை செய்தார். முதலில் வெள்ளிச் சாமான் போனது, பிறகு இரண்டாம் கட்டுத் தேக்குத் தூண்கள். எட்டுத் தூண் நின்ற இடத்தில் இப்போது சிமெண்ட் பூசிய செங்கல் கால்கள். நான் அதில் சாய்ந்துதான் படித்தேன். முறையை விட வேண்டாம் ஆச்சி, அளவைக் குறையுங்கள். இருபது எவர்சில்வர் தட்டுக்குப் பதில் பத்து வைத்தால் எண்ணிப் பார்க்கிறவர்கள் எண்ணட்டும்.

பங்கை விற்பது? இப்போது வேண்டாம். பிரிக்காத பங்கை வாங்குகிறவர் பங்காளியாகத்தான் இருப்பார், விலை அடிமாட்டு விலைதான். லாபத்துக்கு 12.5 சதவீத வரியும் உண்டு (2001 ஏப்ரல் 1 மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம்). சென்னை பிளாட்டில் பராமரிப்புக் கட்டணம் மாதம் 4,000 என்றால் ஆண்டுக்கு 48,000, இங்கே முழு வீட்டு மராமத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். மகனோடு இருக்க ஆசை என்றால் போய் இருங்கள்; அதற்கு வீட்டை விற்க வேண்டியதில்லை.

கொழுந்தனார்களிடம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கும். குடும்ப வாட்சப் குழுவில் தீர்வை ரசீதையும் ஓடு மாற்றிய பில்லையும் படம் எடுத்துப் போட்டு, கீழே இதை எழுதுங்கள்: "இந்த வருஷம் வீட்டுக்குச் செலவு 64,200. பாதி என்னுடையது. மீதிக்கு ஒரு பங்குக்கு 10,700 வருகிறது. தை பிறக்குமுன் அனுப்பினால் மேலை வளவு ஓடும் மாற்றிவிடலாம்."