துருப்பிடித்த இரும்பு இழைப்புளி தேறுமா?

கிருஷ்ணகிரியில் தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த இரும்பு இழைப்புளி (மரத்தைச் சீவி மழமழப்பாக்கும் கருவி), துரு ஏறி, மரக் கைப்பிடி பிளந்து கிடக்கிறது, தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேறும். முதலில் வாய்ப் பக்கம், அதாவது அடியில் வெட்டும் தகடு வெளியே நீட்டும் துளையைச் சுற்றி, விரிசல் இருக்கிறதா பாருங்கள். உடல் வார்ப்பிரும்பு, சாதாரண வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே மறுபடி விரியும். விரிசல் இருந்தால் அலமாரியில் அழகுக்கு வைக்கலாம், அவ்வளவுதான்.

துருவுக்குப் புளி போதும். நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்! பாகங்களைக் கழற்றி, கெட்டியான புளிக்கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேயுங்கள். சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். தாமதித்தால் கண் முன்னாலேயே பழுப்பு ஏறும்.

அடிப்பாகத்தைச் சமமாக்குவதுதான் பெரிய வேலை. கிரானைட் பட்டறையில் பாலிஷ் போட்ட துண்டுக்கல் ஒன்று கேட்டு வாங்குங்கள். அதன்மேல் 80 நம்பர் எமரி தாளை ஒட்டி, அடியில் பேனாவால் குறுக்குக் கோடு போட்டுத் தேய்த்தால், பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். தகட்டை உள்ளே இழுத்து இறுக்கி வைத்தே தேயுங்கள். அந்த இறுக்கத்தில் உடல் லேசாக வளையும். நான் முதல் தடவை கழற்றிவிட்டுத் தேய்த்து, இரண்டு மணி நேரம் வீண். எல்லாக் கோடும் அழிய வேண்டாம். முன்னுனி, வாயின் முன்விளிம்பு, பின்கோடி மூன்றும் ஒரே மட்டத்தில் தொட்டால் சரி.

தகட்டை 25 பாகையில் சாணை பிடித்து, 30-ல் கல்லில் தீட்டுங்கள். சாணையில் சூடேறி நீலம் பாய்ந்தால் தகட்டின் பதம் (கடினம்) போச்சு. அடிக்கடி தண்ணீரில் தோய்க்கவும். பிளந்த கைப்பிடிக்கு அரால்டைட் பசை பூசி, சைக்கிள் டியூப்பால் ஒரு நாள் இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் வேப்பம்பலகையில் ஓட்டிப் பாருங்கள். சுருள் வராமல் தூளாக உதிர்ந்தால், தகட்டை இன்னும் தீட்ட வேண்டும்.