ஆர்வம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 44. குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமம். கூட்டுறவுச் சங்கத்தில் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 வந்திருக்கிறது. மாத்திரை வேண்டாம், தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு ஆரம்பித்தேன், விட்டுப்போனது. சித்திரையில் மறுபடி ஆரம்பித்தேன், பத்து நாள் தாண்டவில்லை. விடியற்காலையில் நடக்கப் போனால் சமையல் தாமதமாகிறது. தெருவில் சும்மா நடந்தால் எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்கிறார்கள். “நாங்களெல்லாம் எந்த வாக்கிங் போனோம்?” என்கிறார் மாமியார். எனக்கு ஆர்வமே வரமாட்டேன் என்கிறது. நான் சோம்பேறியா?

பதில்: அன்புச் சகோதரி, விடியுமுன் எழுந்து சமைத்து, எல்லோருக்கும் கட்டிக் கொடுத்து, பஸ் பிடித்து வேலைக்குப் போய்வருகிற ஒருவர் எப்படிச் சோம்பேறி ஆவார்? அந்தச் சொல்லை முதலில் தூக்கிப் போடுங்கள்.

உங்கள் மாமியார் கேட்டதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. அவர் தலைமுறைப் பெண்கள் நாற்றுப் பறித்தார்கள், சேற்றில் குனிந்து நடவு நட்டார்கள், களை எடுத்தார்கள், கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்தார்கள். வயலுக்குப் போகாத வீட்டுப் பெண்களுக்கும் கிணற்றில் இறைக்கவும், உரலில் குத்தவும், அம்மியில் அரைக்கவும் வேலை இருந்தது. இன்று நடவுக்கு இயந்திரம், அறுவடைக்கு இயந்திரம், மாவுக்கு கிரைண்டர். அந்த உழைப்பு மிச்சமானது நல்லதுதான், அது திரும்பிவர வேண்டாம். ஆனால் தட்டில் விழுகிற சோறு மட்டும் அதே அளவில் இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். நடவுக்குப் போன எவரும் ஆர்வம் வந்ததும் போகலாம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றுகிறது, பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கூப்பிடுகிறாள், கிளம்பிவிட்டார்கள். நேரம் குறித்திருந்தது, துணையும் இருந்தது. உங்களுக்கு இல்லாமல் போனவை இந்த இரண்டும்தான். ஆர்வம் என்பது நாலு வாரம் நடந்து, படியேறும்போது மூச்சு வாங்காமல் இருப்பதை உடம்பே உணர்ந்த பிறகு தானாக வருவது. ஆரம்பிப்பதற்கு அதை நம்பாதீர்கள்.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை 5 மணி உங்களுக்கு ஒத்துவராது, விட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பை மாட்டுங்கள். பத்து நிமிடம் போதும். சோறு சாப்பிட்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சமயத்தில் கால் தசைகள் வேலை செய்தால், அவை அந்தச் சர்க்கரையை இழுத்து எரிபொருளாக்கிக்கொள்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இது நடக்கிறது. அதனால்தான் உங்களைப் போல எல்லையில் நிற்பவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையை நான் அழுத்திச் சொல்கிறேன். மதியம் சங்கத்தில் சாப்பிட்டதும் வெயில் படாத இடத்தில் ஒரு பத்து நிமிடம். மாலையில் ஒரு நிறுத்தம் முன்பாகவே பஸ்ஸைவிட்டு இறங்கினால் இன்னொரு பத்து. இப்படி வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே 150 நிமிடம் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லும் அளவு அதுதான். ஒரே மூச்சில் நடந்தால்தான் கணக்கு என்பதில்லை. வேகம் எவ்வளவு என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

இதனால் பலன் உண்டா என்ற சந்தேகம் வேண்டாம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போலச் சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. எந்த மாற்றமும் செய்யாதவர்களில் மூன்று ஆண்டுகளில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடுமாக இருந்தவர்களில் அது 39. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். நம் ஊர் உடம்பில், நம் ஊர்ச் சாப்பாட்டோடு கிடைத்த முடிவு என்பதால் எனக்கு இதில் தனி நம்பிக்கை.

பத்து நாளில் விட்டுப்போகிறது என்கிறீர்கள். லண்டனில் 96 பேரைக் கவனித்த ஆய்வு ஒன்றில், ஒரு புதிய செயல் பழக்கமாக ஊறிப்போகச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, சிலருக்கு எட்டு மாதத்துக்கு மேலும் தேவைப்பட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது அவர்களுக்குப் பெரிய பாதிப்பைத் தரவில்லை. ஆகவே ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்று விட்டுப்போனால் மறுநாள் இரவு போய்விடுங்கள். அடுத்த பொங்கலுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து துணை. தனியாக நடக்கும் பெண்ணை ஊர் கேள்வி கேட்கும், மூன்று பேராகப் போனால் வாய் மூடிக்கொள்ளும். இது சரியில்லைதான், எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் ஊர் திருந்தும்வரை உங்கள் சர்க்கரை காத்திருக்காது. உங்கள் ஓரகத்தியையோ, எதிர்வீட்டுப் பெண்ணையோ கூப்பிட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் இது தேவைப்படலாம். இரவில் தெருவிளக்கு இருக்கும் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கையில் டார்ச் இருக்கட்டும். வயலோரம் பாம்பு நடமாட்டத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலுக்குப் போகிற பெண்ணை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. விடுமுறை நாள் மாலையில் பிரகாரத்தை நிதானமாக, ஆனால் நிற்காமல் சுற்றுங்கள். குடவாசல் கோணேசுவரர் கோயில் மாடக்கோயில் ஆயிற்றே, படி ஏறி இறங்குவது தொடைக்கு நல்ல வேலை. சாமி கும்பிட்ட மாதிரியும் ஆகும்.

நடை மட்டும் போதாது, தசைக்கும் வலு வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், கையை ஊன்றாமல் திண்ணை விளிம்பிலிருந்து எழுந்து எழுந்து உட்காருங்கள். பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து முறை. முழங்கால் வலித்தால் உயரமான நாற்காலியில் செய்யுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு இப்போதே யோசித்து வையுங்கள். பலருக்கு நடை நிற்பது அந்த மாதங்களில்தான். வாசலிலிருந்து கொல்லைவரை நீண்ட வீடு என்றால் உள்ளேயே நடக்கலாம். இல்லாவிட்டால் திண்ணைப் பயிற்சியையாவது விடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

எடை குறைந்ததா என்று தினம் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே சர்க்கரைப் பரிசோதனையை அதே ஆய்வகத்தில் எடுங்கள். எண் என்ன வந்தாலும் எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். ஓரகத்தியிடம் மட்டும் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.