சமீபத்தில் வந்த ஃபேன்டஸி, அறிவியல் புனைகதை நாவல்களில் உங்களை உலுக்கியது எது? ஏமாற்றியது எது?

இரண்டு கேள்விக்கும் என் பதில் ஒரே புத்தகம்தான்: ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்'. 2022-இல் வந்தது, அறிவியல் புனைகதை, ஃபேன்டஸிக்குத் தரப்படும் நெபுலா விருது வாங்கியது. அது என்னை எங்கே பிடித்தது, எங்கே விட்டது என்று சொல்ல வேண்டுமானால் என் ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பொள்ளாச்சிக்காரி. கல்யாணமாகி கொழிஞ்சாம்பாறைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் கேரளம் என்றாலும், கடைவீதியில் காதில் விழுவது பாதி தமிழ், பாதி மலையாளம். இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு மலையாளப் பெண் கைக்குழந்தையோடு வந்து, "குஞ்ஞினு தூக்கம் குறஞ்ஞு" என்றார். குழந்தை சரியாகத் தூங்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். ராத்திரி முழித்துக்கொள்கிறதா, பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று நான் கேட்கக் கேட்க அவர் குழம்பிப்போய், "உறக்கமொக்கெ நல்லதா சேச்சி" என்றார். உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்து, "அம்மிணி, இவங்களுக்குத் தூக்கம்னா எடை. கொளந்தை எளச்சுப்போச்சுங்கறாங்க, டாக்டர்கிட்டப் போகச் சொல்லு" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

'பேபல்' 1830-களின் ஆக்ஸ்ஃபோர்டில் நடக்கிறது. மந்திரம் வெள்ளிக்கட்டியில் இருக்கிறது. கட்டியின் ஒரு முகத்தில் ஒரு மொழியின் சொல், மறுமுகத்தில் இன்னொரு மொழியில் அதற்கு இணையான சொல். மொழிபெயர்க்கும்போது எது சிந்திப்போகிறதோ, அதை வெள்ளி பிடித்து நிஜமாக்கிவிடும். சீனாவின் கான்டன் நகரத்தில் பிறந்த நாயகன் ராபின் 'வூஷிங்' என்ற சீனச் சொல்லையும் 'இன்விசிபிள்' என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துச் சொல்கிறான். வூஷிங் என்றால் உருவமே இல்லாதது, இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது. அந்த இடைவெளிக்குள் ஆட்கள் மறைந்துபோகிறார்கள். அகராதி பார்த்துக் கற்றவர் சொன்னால் பலிக்காது, அந்த மொழியிலேயே நினைக்கிறவர் சொல்ல வேண்டும். அதனால்தான் பிரிட்டிஷ் பேரரசுக்கு கான்டன் பையனும் கல்கத்தா பையனும் தேவைப்படுகிறார்கள். இதைப் படித்த இரவு நான் புத்தகத்தை மூடவே இல்லை. கடையில் நான் நாள் முழுக்கச் செய்கிற, யாரும் வேலை என்றே எண்ணாத ஒன்றின் மேல் ஒருத்தி ஒரு பேரரசையே நிறுத்தியிருந்தாள்.

ஆனால் அந்த உலகத்தின் விதி ஒன்றை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐரோப்பிய மொழிகள் ஒன்றோடொன்று கலந்து தேய்ந்துவிட்டன, அவற்றில் இனி சக்தி குறைவு, தூரத்து மொழிகளில்தான் வெள்ளி வீரியமாக வேலை செய்யும் என்கிறது நாவல். எல்லையில் வாழ்கிறவளின் அனுபவம் நேர் எதிர். தெரியாத சொல்லைக் கேட்டால் காது உஷாராகிவிடும், திருப்பிக் கேட்போம். தெரிந்த சொல் போலவே வந்து நிற்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். வெள்ளம் என்று அவர்கள் கேட்பது குடிக்கிற தண்ணீர், எனக்கோ அது ஊரை அடித்துக்கொண்டு போவது. ஒட்டிப் பிறந்த மொழிகளுக்கு நடுவில்தான் பள்ளம் ஆழம்.

தூக்கம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். தூங்கணாங்குருவிக்கு அந்தப் பெயர் வந்தது அதன் கூடு தொங்குவதால். அந்த வேரிலிருந்துதான் இங்கே உறக்கமும் அங்கே எடையும். அங்கன்வாடியில் கொக்கியில் மாட்டிய தராசைப் பார்த்திருப்பீர்கள்: மேலே வட்ட முகம், அதில் ஒரு முள், கீழே துணித்தொட்டில். ஆறாம் மாசத்தில் என் மகளை அதில் போட்டபோது ஆடின ஆட்டத்தில், முள் ஓரிடத்தில் நிற்பதற்குள் தூங்கிவிட்டாள். தமிழ்த் தூக்கமும் மலையாளத் தூக்கமும் ஒரே கொக்கியில் தொங்கின. அந்தச் சொல்லை ஒரு வெள்ளிக்கட்டியின் இரண்டு முகத்திலும் பொறித்தால் என்ன நடக்கும் என்று குவாங் யோசித்திருந்தால் நாவல் இன்னும் பெரிதாகியிருக்கும்.

இன்னொரு குறை, வாசகரை அவர் நம்பாதது. காலனிக் கொடுமை காட்சியிலேயே தெளிவாகத் தெரியும்போது, அடிக்குறிப்பில் வந்து இது கொடுமை என்று மறுபடி சொல்கிறார். பிற்பாதியில் பாத்திரங்கள் பேசுவது கட்டுரை வாசிப்பதுபோல ஆகிவிடுகிறது. ராபின் தன் தாய்மொழிச் சொல்லைத் தேடித் தடுமாறும் அரைப் பக்கம் அந்த விளக்கங்கள் எல்லாவற்றையும்விடக் கனமானது.

ரே நெய்லரின் 'தி மவுன்டன் இன் தி ஸீ' (2022) வியட்நாமின் கோன் தாவ் தீவுக்கடலில் ஆக்டோபஸ்கள் தோலில் குறிகளாக எழுதிப் பேசுவதைப் பற்றியது. யோசனை அபாரம். மனிதர்களின் கதைக்கு நிறைய இடம் கொடுத்து ஆக்டோபஸ்களுக்குக் குறைத்துவிட்டார்.

தமிழர்கள் அவசியம் படிக்க வேண்டியது கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). 'பேபலு'க்கு அடுத்த வருஷ நெபுலா இதற்குத்தான். பிறந்தவுடனே தாய் ஒரு ஆணியால் பிள்ளையின் நிழலைக் கிழித்தெடுத்துவிடுகிறாள். தகப்பனைக் கொல்வதற்கென்றே வளர்க்கிறாள். அவன் வந்துசேரும் நகரம் கற்பனைதான். ஆனால் இன வகைப்பாடு, முகாம், கலவரம் என்று ஒவ்வொன்றாக வரும்போது, இலங்கையில் நடந்ததை அறிந்த எவருக்கும் தொண்டை அடைக்கும். நடுவில் கதை திசை தெரியாமல் அலைகிறது, உண்மைதான். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

இவற்றில் முதலில் எதைப் படிப்பது என்றால் ஆண்டி வியரின் 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021). ஏறக்குறைய 12 ஒளியாண்டு தூரத்தில், டௌ செட்டி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், கிரேஸ் என்ற பள்ளி ஆசிரியர் ராக்கி என்ற வேற்றுக்கிரகவாசியைச் சந்திக்கிறார். ராக்கிக்குக் கண் கிடையாது, ஐந்து கால், பேச்சு முழுக்க இசைச் சுரங்கள். கிரேஸ் லேப்டாப்பில் அந்தச் சுரங்களைப் பிரித்து, எக்ஸெல் அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் போட்டுக்கொண்டே வருகிறார். கொஞ்ச நாளில் அட்டவணை தேவைப்படுவதில்லை. அவரவர் மொழியில் அவரவர் பேசுகிறார்கள், மற்றவர் பேச்சு காதுக்குப் புரிந்துவிடுகிறது. எங்கள் கடையில் நடப்பது இதேதான். வாடிக்கையாளர் மலையாளத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன், அவர் தலையாட்டி மருந்தை வாங்கிக்கொண்டு போவார். இதை இவ்வளவு சரியாக எழுதிய வேறு நாவலை நான் படித்ததில்லை. ஆரம்பத்தில் இயற்பியல் கணக்கு கொஞ்சம் மிரட்டும். ராக்கி வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.