நிமிஷத்துக்கு ஒரு மனசு

கேள்வி: எனக்கு 44 வயது. கோத்தகிரிப் பக்கம் சொந்தத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. நானே இலை பறிக்கப் போவேன். சில மாதங்களாகச் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். அரை மணி நேரத்தில் அழுகை வருகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. மாதவிலக்கும் தள்ளித் தள்ளி வருகிறது. மழை, மூடுபனி நாட்களில் இன்னும் மோசம். “உனக்குப் பைத்தியம்” என்கிறார் வீட்டுக்காரர். இது மனநோயா, டாக்டரம்மா?

பதில்: பைத்தியம் இல்லை அம்மா. அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம் என்று இதைக் காட்டியே சொல்லுங்கள்.

மாதவிலக்கு நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். மூளையில் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் செரடோனினையும் அது ஆட்டிவைக்கிறது. ஆனால், “இந்த வயசுக்கு அப்படித்தான்” என்று விட்டுவிடக் கூடாது. தைராய்டும் ரத்தசோகையும் இதே வேலையைச் செய்யும். ஒரே ரத்தமெடுப்பில் ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான பரிசோதனை) இரண்டையும் பாருங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. தைராய்டு குறைந்தால் சோர்வும் குளிர் தாங்காமையும் வரும். மலையில் எல்லாருக்கும் குளிர்தானே என்று இதை யாரும் கண்டுகொள்வதில்லை. வீட்டில் மற்றவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றிய பிறகும் உங்களுக்கு மட்டும் நடுங்கினால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். தினமும் படுக்கும் முன் ஒரே வரி: மனநிலைக்கு மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை ஒரு எண், தூங்கிய மணி நேரம், விலக்கான நாள், எத்தனை டீ. இரண்டு மாதம் எழுத வேண்டும். பலரும் தவறுவது ஒரு வாரத்தை ஞாயிற்றுக்கிழமை சேர்த்து எழுதுவதில்தான். அன்றைக்கு மனசு சரியில்லை என்றால் போன வாரம் முழுதும் கறுப்பாகத்தான் ஞாபகம் வரும். விலக்குக்கு முந்தைய ஏழெட்டு நாள் மட்டும் எண் இறங்கினால் காரணம் ஹார்மோன் பக்கம். தூக்கம் குறைந்த மறுநாள் இறங்கினால் முதலில் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். எந்த ஒழுங்கும் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் மைனஸிலேயே நின்றால் மனநல மருத்துவரிடம் போங்கள்.

மதியம் இரண்டு மணிக்குப் பிறகு டீ வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரமாகும். வெறும் டீயோடு தோட்டத்துக்குப் போய்ப் பதினொரு மணிக்குக் கத்துவது பெரும்பாலும் பசி. களியோ இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ கூடாது, சத்து உடம்பில் சேராது. மழைக்காலத்தில் விளக்கைப் போட்டு உள்ளேயே இருப்பதைவிட, மூடுபனியானாலும் காலையில் அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். மேகமூட்ட வெளிச்சமும் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

கோபம் ஏறும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 21 வயது மகன். ஐந்து நாளாக இரண்டு மூன்று மணி நேரமே தூங்குகிறான், ஆனால் களைப்பே இல்லை. ஓயாமல் பேசுகிறான், கடன் வாங்கிப் பைக் எடுத்துவிட்டான். போன வருடம் இரண்டு மாதம் யாரோடும் பேசாமல் படுத்தே கிடந்தான். வயசுக் கோளாறா? (குன்னூர் வாசகர்)

பதில்: வயசுக் கோளாறு என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள் ஐயா. சில காலம் அளவுக்கு மீறிய வேகம், சில காலம் ஆழ்ந்த சோர்வு என்று மாறி மாறி வரும் இருமுனை மனநோயாக இருக்கலாம். நாளைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போன வருடம் படுத்துக் கிடந்ததை மறக்காமல் சொல்லுங்கள். அது தெரியாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் இந்த வேகம் இன்னும் ஏறக்கூடும். பிறகு தேறிவிட்டான் என்று மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அவனோடு வாதம் வேண்டாம். பைக் சாவி, ஏடிஎம் கார்டு உங்களிடம் இருக்கட்டும். தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றே பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். சாவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் தனியே விடாதீர்கள். 14416, 104 என்ற உதவி எண்கள் இரண்டும் இரவு பகலாக இலவசம், தமிழிலேயே பேசலாம்.