பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் இடிபடாமல் தப்பியது எப்படி?

1786-இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய இத்துறைமுக நகரின் கடைவீடுகளைக் காத்தது பாரம்பரிய உணர்வைவிட, 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் என்பேன். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை உயர்த்த வழியில்லாததால், உரிமையாளர்கள் பலர் அவற்றைப் பழுதுபார்க்கவும் இல்லை, இடித்துக் கட்டவும் இல்லை. கைவினைஞரும் சிறு வணிகரும் கீழே கடையும் மேலே குடியுமாகத் தலைமுறைகளாக நீடித்தனர். 2000-இல் அச்சட்டம் நீங்கியதும் வாடகை ஏறி, பல குடும்பங்கள் வெளியேறின. ஆக, 2008-இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி அளித்தபோது, கட்டடங்கள் இருந்தன, குடியிருந்தோர் குறைந்திருந்தனர். அடுத்த ஆண்டு தோன்றிய திங்க் சிட்டி அமைப்பு சீரமைப்புக்கு மானியம் வழங்கியது. சுண்ணாம்புப் பூச்சும் ஓட்டுக்கூரையும் மீண்ட பல வீடுகள் இன்று விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் இயங்குகின்றன; தமிழர் கடைகள் நிறைந்த மார்க்கெட் தெருப் பகுதியில் அன்றாட வணிகம் இன்னும் தொடர்கிறது.