வேலை தேடும் நாட்களில் தொண்டு செய்யலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

ரொறன்ரோவுக்கு வந்து சில மாதங்களாகின்றன, எங்கே விண்ணப்பித்தாலும் கனடிய அனுபவம் இருக்கிறதா என்கிறார்கள், நோயுற்ற பிள்ளைகளின் குடும்பங்கள் தங்கும் ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ் விடுதியில் தொண்டராகச் சேர்ந்தால் வேலைக்கு உதவுமா, என் ஆங்கிலம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சேருங்கள். நானும் பல வருடங்களாக அங்கே போய் வருகிறேன். ஆனால் அந்த இடம் எதற்காக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ரொறன்ரோவில் உள்ள சிக் கிட்ஸ் என்ற குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒன்ராறியோவின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவருகிறார்கள். தண்டர் பேயிலிருந்து என்றால் தரைவழியே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். புற்றுநோய்ச் சிகிச்சையும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையும் மாதக்கணக்கில் இழுக்கும். அவ்வளவு காலம் ஹோட்டலில் தங்க யாருக்குக் கட்டுப்படியாகும்? பிலடெல்பியாவில் ஃபிரெட் ஹில் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் மகளுக்கு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய் வந்தபோது, மற்றப் பெற்றோர் மருத்துவமனை நாற்காலிகளில் தூங்குவதை அவர் கண்ணால் கண்டார். ஆட்ரி எவன்ஸ் என்ற குழந்தைப் புற்றுநோய் மருத்துவரும் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் 1974இல் முதலாவது ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ் திறக்கப்பட்டது. கனடாவின் முதல் வீடு 1981இல் ரொறன்ரோவில் வந்தது. இப்போதுள்ள கட்டடத்தில் 81 குடும்பங்கள் தங்கலாம். மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம்.

அங்கே நாம் செய்வதெல்லாம் வீட்டு வேலைதான். சமையலறை மேசையைத் துடைப்பது, துவாய்களை மடிப்பது, வருகிறவர்களை வரவேற்பது, நோயாளிப் பிள்ளையின் அண்ணன் தங்கையோடு விளையாடுவது. சிறிய வேலை என்று நினைக்காதீர்கள். ஒருநாள் இரவு ஒரு தாய் மருத்துவமனையிலிருந்து வந்தார். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தொண்டர்கள் சமைத்து மூடி வைத்திருந்த சாப்பாட்டை எடுத்துச் சூடாக்கி, நின்றபடியே பாதியைச் சாப்பிட்டார். நான் ஒரு நாற்காலியை இழுத்துவிட்டு, தண்ணீர் வைத்துவிட்டு, பக்கத்து மேசையைத் துடைக்கப் போனேன். சற்று நேரத்தில் அவர் உட்கார்ந்து மீதியையும் சாப்பிட்டார். அன்று அவருக்கு யாரோடும் பேசத் தெம்பில்லை. பேசாமல் பக்கத்தில் இருப்பதும் அங்கே ஒரு வேலை.

இதைத்தான் நம்மவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. “பிள்ளைக்கு என்ன வருத்தம்? டாக்டர் என்ன சொல்கிறார்?” என்று கேட்பது நமக்கு அன்பு. காலையிலிருந்து இதே கேள்விக்குப் பத்துப் பேரிடம் பதில் சொல்லி வந்த தாய்க்கு அது பாரம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்; கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். படம் எடுக்கவே கூடாது. “எல்லாம் சரியாகிவிடும்” என்றும் சொல்ல வேண்டாம், அது நம் கையில் இல்லை.

இன்னொன்று: லேசான தடிமனோ இருமலோ இருந்தால்கூடப் போகாதீர்கள். சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி இழந்த பிள்ளைகள் இருக்கும் வீடு அது. நமக்கு இரண்டு நாள் மூக்கடைப்பு, அந்தப் பிள்ளைக்கு மறுபடி மருத்துவமனை வார்டு. வீட்டில் சமைத்ததை ஆசையோடு கட்டிக்கொண்டு போவதற்கும் முன்பு கேட்டுக்கொள்ளுங்கள். இப்படியான விடுதிகள் பொதுவாகத் தங்கள் சமையலறையிலேயே வந்து சமைக்கச் சொல்லும். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு மாலைச் சாப்பாட்டைப் பொறுப்பேற்கலாம்.

உங்கள் ஆங்கிலம் தாராளமாகப் போதும். தமிழ்க் குடும்பம் ஒன்று வந்தால் உங்கள் தமிழ் அவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். ஆனால் மருத்துவர் சொல்வதை நீங்கள் மொழிபெயர்க்கப் போகாதீர்கள். அதற்கு மருத்துவமனையிலேயே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். உதவும். சொன்ன நேரத்துக்கு மாதக்கணக்கில் தவறாமல் வந்தவரைப் பற்றி தொண்டர்களின் ஒருங்கிணைப்பாளர் வேலை தருபவரிடம் நம்பிக்கையோடு சொல்ல முடியும். நான்கு தடவை வந்து மறைந்தவரைப் பற்றி அவர் என்ன சொல்வார்? வேலை கிடைத்த பிறகும் காப்பாற்றக்கூடிய ஒரே ஒரு நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். மூன்று நாள் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு பாதியில் கைவிடுவதைவிட வாரத்தில் ஒரு மாலை எவ்வளவோ மேல். உயர்பள்ளிப் பட்டத்துக்குத் தேவையான 40 மணித்தியாலச் சமூக சேவையை மகனும் அங்கேயே செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வயது எல்லை இருக்கும், சேர்வதற்கு முன் விசாரியுங்கள்.

விண்ணப்பம், நேர்முகம், பொலிஸ் சான்று, பயிற்சி என்று சில வாரங்கள் பிடிக்கலாம். அதனால் வேலை கிடைக்கட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். ஸ்காபரோவிலிருந்து வருவதென்றால் கென்னடியில் சப்வே ஏறி, சென்ற் ஜோர்ஜில் மாறி, குயின்ஸ் பார்க்கில் இறங்குங்கள். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும்.