பேச்சுக் குழறினால் அது வெறும் மயக்கம் அல்ல

கத்திரி வெயிலில் பிற்பகல் 3 மணி ஓட்டப் பயிற்சியில் உங்கள் தம்பி தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறார். வியர்வை இருந்ததால் சாதாரண மயக்கம்தான் என்று பயிற்சியாளர் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். கடும் உழைப்பால் வரும் வெப்பத் தாக்கத்தில் வியர்வை நிற்காமலும் இருக்கும். குழப்பம்தான் முக்கிய அறிகுறி. அப்போது உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் அதைச் சரியாகக் காட்டாது.

இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும். மருத்துவர் சம்மதிக்கும்வரை மைதானம் வேண்டாம்.

மீண்டும் நேர்ந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் ஐஸ் கலந்த தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை அமர்த்தி, தலையைத் தாங்கிப் பிடியுங்கள். தொட்டி இல்லையா, குழாய்த் தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். முதல் அரை மணி நேரம்தான் உயிரைக் காக்கும். நினைவு தெளியாதவருக்குக் குடிக்க எதுவும் தராதீர்கள். பாராசிட்டமால் இதற்கு உதவாது.

கற்குன்றுகள் சூழ்ந்த நம் வேலூரில் மாலையிலும் தரை அனலாகவே இருக்கும். விடிகாலைப் பயிற்சியைக் கேளுங்கள். விடுமுறை முடிந்து வருபவர்களுக்கு 10 முதல் 14 நாட்களில் படிப்படியாகக் கூட்டச் சொல்லுங்கள். கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள், தயங்காதீர்கள்.